ரத்தம் எடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

வேலைக்கும் படிப்புக்கும் ஜெர்மனி போகிறவர்களிடமிருந்து நாயைப் பற்றிய கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். வயது மூன்று. வருடா வருடம் ரேபிஸ் ஊசி போட்டுவிடுகிறோம். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலை. கூடவே அழைத்துப் போகலாமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: நீங்கள் போகலாம். நாயால் இரண்டு மாதத்தில் போக முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். மற்ற பல கடிதங்களுக்கும் இதுதான் பதில்.

ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் உலக நாடுகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வரும் நாய்க்குச் சிப்பும் ஊசியும் போதும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நம் நாய்க்கு ரத்தப் பரிசோதனையும் உண்டு, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு.

முதலில் மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள அதைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண்ணோடு இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் சிப் முந்தியிருக்க வேண்டும். உங்கள் நாய்க்கு இதுவரை சிப் போடவில்லை என்றால், மூன்று வருடமாகப் போட்ட ஊசிகள் எதுவும் கணக்கில் வராது. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு அந்தச் சிப் எண் ஒன்றே சாட்சி. குட்டியாக இருந்தால், 12 வாரம் முடிவதற்கு முன் போட்ட ரேபிஸ் ஊசியும் செல்லாது.

ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். 29-ஆம் நாள் எடுத்தால் வீண். அதிலிருந்து பிரித்த சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றுக்குப் போகும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி மில்லி லிட்டருக்கு 0.5 ஐயு (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். காத்திருக்க வேண்டிய மூன்று மாதத்தை ரத்தம் எடுத்த தேதியிலிருந்து எண்ணுவார்கள். முடிவு வந்த தேதிக்கு இதில் வேலையே இல்லை. முடிவு தாமதமாக வருகிறதே என்று பதற்றப்பட வேண்டாம், நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தேதியோடு பார்ப்போம். ஜனவரி 10 சிப்பும் ஊசியும். பிப்ரவரி 10 ரத்தம். மே 10-க்குப் பிறகுதான் சுகாதாரச் சான்றிதழே எழுத முடியும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நான்கு மாதம். குட்டி நாய் ஏழு மாதம் ஆவதற்கு முன் போக வழியே இல்லை.

இதில் எங்கே இடறும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒன்று, சிப் எண்ணில் ஒரு இலக்கம் மாறுவது. ஊசி அட்டை, ஆய்வகப் படிவம், சான்றிதழ் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று விரலை வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் மருத்துவர் ஸ்கேனரால் சிப்பைப் படித்த பிறகே எழுதட்டும், பழைய அட்டையைப் பார்த்து எழுத வேண்டாம். இரண்டு, ரத்தத்தை அப்படியே அனுப்புவது. சீரத்தைப் பிரிக்காமல் வெயிலில் வைத்தால் சிவப்பணு உடைந்து மாதிரி கெட்டுவிடும், ஆய்வகம் திருப்பிவிடும். மூன்று, எதிர்ப்புச் சக்தி போதாமல் போவது. வாழ்க்கையில் ஒரே ஒரு ரேபிஸ் ஊசி போட்ட குட்டிகளுக்கு இது நடக்கும். இரண்டாவது டோஸ் போட்டு, அதிலிருந்து 30 நாள் விட்டு ரத்தம் எடுப்பது நல்லது. உங்கள் நாய் வருடா வருடம் ஊசி போட்டது என்பதால் அந்தக் கவலை குறைவு. நான்கு, அடுத்த ஊசியைத் தவறவிடுவது. அட்டையில் எழுதிய கெடு தேதியை ஒரு நாள் தாண்டினாலும் அது புது ஊசியாகிவிடும், ரத்தப் பரிசோதனையும் செல்லாது. கெடு தவறாமல் போட்டு வந்தால் ஒரு முறை செய்த பரிசோதனை நாயின் ஆயுளுக்கும் செல்லும்.

கடைசிக் கட்டம் சான்றிதழ். ஐரோப்பிய ஒன்றியத்தின் படிவம், ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்தது. நம் ஊரில் கையெழுத்திட வேண்டியது மத்திய அரசின் விலங்குத் தடுப்புக்காப்பு மற்றும் சான்றளிப்பு அலுவலகம், சென்னைக்குப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. நாயை நேரில் கூட்டிப் போக வேண்டும். சான்றிதழ் எழுதிய நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும். படிவங்கள் அவ்வப்போது மாறும். பழைய நகலை நண்பரிடமிருந்து வாங்காமல், ஜெர்மன் சுங்கத் துறையின் தளத்திலிருந்து அந்த வாரமே எடுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. உரிமையாளரின் பயணத்துக்கு ஐந்து நாள் முன்னோ பின்னோ நாய் பயணப்பட்டால்தான் அது வீட்டுப் பிராணி. அதற்கு மேல் இடைவெளி விழுந்தால் வணிக இறக்குமதி, விதிகளும் செலவும் வேறு. எனவே நீங்கள் முன்னால் போய்விட்டு, நான்கு மாதம் கழித்து அப்பாவிடம் நாயை ஏற்றிவிடச் சொல்வது நடக்காது. ஒரு முறை ஊருக்கு வந்து நீங்களே அழைத்துப் போவதற்கு இப்போதே விடுப்பைக் கணக்குப் பண்ணுங்கள். இறங்கியதும் பச்சை வழியில் நடந்துவிடாதீர்கள். சிவப்பு வழியில் போய்ச் சுங்க அலுவலரிடம் காகிதங்களைக் காட்ட வேண்டும். காகிதம் சரியில்லை என்றால் நாயைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது உங்கள் செலவில் தனிமைப்படுத்துவார்கள். இரண்டுமே முடியாத நிலையில் கருணைக்கொலைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கேள்வி: லாப்ரடார், 30 கிலோ. விமானக் கூண்டை எந்த அளவில் வாங்குவது? தூங்குவதற்கு மாத்திரை கொடுக்கலாமா? தங்கையிடம் பக் நாய் இருக்கிறது, அதற்கும் இதே முறைதானா?
— வாசகர், கோவை

பதில்: கடையில் 'லார்ஜ்', 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்று சொல்வதை நம்பாதீர்கள். டேப்பை எடுத்து நான்கு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒன்று. தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டு வரை இரண்டு. தோளின் அகலம் மூன்று. நின்ற நிலையில் தரையிலிருந்து தலை உச்சி வரை, காது நிமிர்ந்திருந்தால் காது நுனி வரை, நான்கு. கூண்டின் உள் நீளம் முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. உள் அகலம் மூன்றாவதைப் போல இரண்டு மடங்கு. உள் உயரம் நான்காவதோடு விரிப்பின் கனம். உதாரணமாக 85, 35, 25, 65 சென்டிமீட்டர் என்று வந்தால் நீளம் 102.5, அகலம் 50, உயரம் 65-க்கு மேல் விரிப்பு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கு இது. கவுன்டரில் நாயை உள்ளே நிற்க வைத்துப் பார்ப்பார்கள். தலை கூரையில் இடித்தால் ஏற்ற மாட்டார்கள்.

மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளாஸ்டிக் கிளிப் போட்டு இணைத்த கூண்டு வேண்டாம். நட்டு போல்ட் வைத்தது வேண்டும். கதவு கம்பி, நான்கு பக்கமும் காற்றோட்டம். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உட்புறம் மாட்டியிருக்க வேண்டும், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்ற வழி இருக்க வேண்டும். கிண்ணத்தில் முந்தைய இரவே தண்ணீரை உறைய வைத்துக் கொண்டு போனால் ஏற்றும்போது சிந்தாது, மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும்.

மாத்திரை கூடவே கூடாது. மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மூச்சிரைத்து உடல் சூட்டைத் தணிக்கும் வேலையையும் மந்தமாக்கும். மேலே யாரும் பார்க்கவும் முடியாது. மயங்கிக் கிடப்பது தெரிந்தால் விமான நிறுவனங்களே மறுத்துவிடும். மாத்திரைக்குப் பதில் பழக்கம்தான் மருந்து. ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே கூண்டைக் கூடத்தில் திறந்து போடுங்கள். சாப்பாடு உள்ளே, மதியத் தூக்கம் உள்ளே, பிறகு பத்து நிமிடம் கதவைச் சாத்துவது, அப்புறம் அரை மணி, இரண்டு மணி, ஒரு முழு இரவு. விரிப்பாக நீங்கள் உடுத்திப் பழசான, துவைக்காத வேட்டியோ புடவையோ போடுங்கள். புது மெத்தையில் உங்கள் வாசனை இருக்காது. கிளம்புவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு அரை வயிற்றுச் சாப்பாடு போதும்.

பக் கதை வேறு. தட்டை மூக்கு நாய்களைச் சரக்கறையில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. ஏற்றினாலும் மேலே சொன்ன அளவில் பத்து சதவீதம் கூட்டிக் கூண்டு கேட்பார்கள். மெலிந்த பக் என்றால் பையோடு சேர்த்து எட்டு கிலோவுக்குள் வரலாம். சில ஐரோப்பிய நிறுவனங்கள் அந்த எடை வரை பயணி காலடியில் வைத்துக்கொள்ள விடுகின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்த பிறகு கேட்காதீர்கள். ஒரு விமானத்துக்கு இரண்டு மூன்று நாய்களுக்குத்தான் இடம் தருவார்கள்.

கேள்வி: ராட்வைலர் வளர்க்கிறேன், ம்யூனிக் போகிறேன். நண்பர் பிட்புல்லோடு வருவதாகச் சொல்கிறார்.
— வாசகர், மதுரை

பதில்: நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், முடியாது. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குள் கொண்டு வர 2001 முதல் சட்டமே தடை போட்டிருக்கிறது. 'அது யாரையும் கடிக்காது' என்பது அங்கே வாதமாகாது.

ராட்வைலரைக் கொண்டு போகலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதம். ம்யூனிக் இருக்கும் பவேரியாவில் ராட்வைலர் இரண்டாம் வகைச் சண்டைநாய்ப் பட்டியலில் இருக்கிறது. அதிகம் சீறாத நாய்தான் என்று நிபுணர் ஒருவர் சோதித்து எழுதித் தந்து, நகராட்சி அதை ஏற்றுச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வளர்க்க முடியாது. லோயர் சாக்சனியில் இனப் பட்டியலே கிடையாது, அதற்குப் பதிலாகப் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். வேலை எந்த ஊரில் என்று முடிவானதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த மாநிலத்தின் நாய்ச் சட்டத்தைத்தான். வீட்டு வாடகைக்கும் முன்னால்.

கேள்வி: சிப்பிப்பாறையை டார்ட்மண்டுக்கு அழைத்துப் போகிறோம். குளிர் தாங்குமா? அங்கே ஓடவிட இடம் இருக்குமா?
— தம்பதி, விருதுநகர்

பதில்: குளிரைவிட ஓட்டம்தான் உங்களுக்குத் தலைவலி.

குளிருக்கு வழி உண்டு. ஒட்டிய ரோமம், தோலடியில் கொழுப்பே இல்லாத உடம்பு. பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோட்டு போட வேண்டும். சாதாரண நாய்க் கோட்டு இதன் ஆழ்ந்த நெஞ்சுக்கும் ஒட்டிய வயிற்றுக்கும் பொருந்தாது, கிரேஹவுண்டுக்கு என்று தைத்து விற்பதை வாங்குங்கள். நடைபாதையில் பனிக்கு உப்புத் தூவுவார்கள். அது பாதத்தின் வெடிப்பில் இறங்கி எரியும், நாய் நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு காலையும் கழுவித் துடையுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், கழுத்துக்கு மினுக்கும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டம். முயல் துரத்தவே வளர்த்த இனம் இது. ஜெர்மனியில் ஊர் எல்லை தாண்டினால் முயலும் மானும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். காட்டு விலங்கைத் துரத்தும் நாயைச் சுட வேட்டை உரிமை பெற்றவருக்குப் பல மாநிலங்களில் சட்டம் இடம் தருகிறது. லோயர் சாக்சனியில் குஞ்சும் குட்டியும் பிறக்கும் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை காட்டிலும் வயல்வெளியிலும் வார் கட்டாயம். கூப்பிட்டால் திரும்பி வருமா என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் அவிழ்க்காதீர்கள். ஹார்னஸில் (மார்புப்பட்டையில்) பத்து மீட்டர் நீள வார் மாட்டலாம், அல்லது வேலி போட்ட நாய்த் திடலைத் தேடலாம்.

இன்னொன்று. டார்ட்மண்ட் இருக்கும் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் 40 சென்டிமீட்டர் உயரமோ 20 கிலோ எடையோ எட்டிய எந்த நாயும் 'பெரிய நாய்'. சிப்பிப்பாறையின் உயரமே அதைத் தாண்டும், ராஜபாளையம் கேட்கவே வேண்டாம். நகராட்சியில் பதிவு, சிப், பொறுப்புக் காப்பீடு, நாய் வளர்ப்பறிவுச் சான்று ஆகியவை வேண்டும். அந்தச் சான்றுக்கான கேள்வித்தாள் தேர்வைக் கால்நடை மருத்துவரிடமே எழுதலாம்.

கேள்வி: பெர்லினில் குடியேறி ஆறு மாதம். நாங்கள் வேலைக்குப் போனதும் நாய் குரைக்கிறதாம். கீழ்வீட்டுக்காரர் தபால் பெட்டியில் சீட்டு போட்டிருக்கிறார். ஊரில் இப்படி ஒரு புகாரும் வந்ததில்லை. அவருக்கு நாய் பிடிக்காதோ?
— வாசகி, பெர்லின்

பதில்: அவர் வீட்டிலேயே நாய் இருந்தாலும் ஆச்சரியமில்லை. நம் ஊரில் நாயின் வேலையே குரைப்பது. காலிங் பெல் அடித்ததும் குரைத்தால் 'சமத்து' என்கிறோம். அங்கே நாயிடம் எதிர்பார்ப்பது, இருப்பது தெரியாமல் இருப்பதை. உணவகத்தில் மேசைக்கடியில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு உணவகத்திலும் ரயிலிலும் இடம் கிடைப்பது அந்த அமைதியால்தான்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுவதும். மற்ற நேரத்திலும் ஒரேயடியாகப் பத்து நிமிடத்துக்கு மேலோ, நாளெல்லாம் சேர்த்து அரை மணிக்கு மேலோ குரைக்கக்கூடாது என்று தீர்ப்புகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தேதி, மணி, நிமிடம் குறித்து ஒரு தாள் வைத்திருப்பார். அது வீட்டு உரிமையாளரிடம் போய், அங்கிருந்து எழுத்து மூலம் எச்சரிக்கையாகத் திரும்பி வரும். சீட்டோடு நிற்கும்போதே பிடியுங்கள்.

இன்று மாலை ஒரு கேக்கோடு போய்க் கதவைத் தட்டுங்கள். மன்னிப்புக் கேட்டு, எந்த நேரத்தில் குரைக்கிறது என்று விசாரியுங்கள். நீங்கள் எடுக்கும் நடவடிக்கையையும் சொல்லிக் கைபேசி எண் கொடுங்கள். சீட்டு போட்டவர் சண்டைக்கு வரவில்லை. நேரில் கேட்பதைவிட எழுதி வைப்பது அங்கே மரியாதையான முறை.

நாயின் பக்கத்தையும் பாருங்கள். ஊரில் அது தனியாக இருந்ததே கிடையாது. பாட்டி, வேலைக்கு வரும் அக்கா, மதியம் பள்ளி முடிந்து வரும் பிள்ளை என்று யாராவது இருந்திருப்பார்கள். இப்போது ஒன்பது மணி நேரம் நான்கு சுவர். பழைய கைபேசி ஒன்றைக் கேமராவாக வைத்து, நீங்கள் கிளம்பிய எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே கதவைப் பிராண்டி ஊளையிட்டால் அது பிரிவு பயம். திட்டினால் போகாது. கோட்டை மாட்டி, சாவியை எடுத்து, கதவை மூடி, பத்து வினாடியில் திரும்புங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை. நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும், இது வாரக்கணக்கில் ஆகும். அரைத் தூக்கத்தில் எழுந்து படிக்கட்டுச் சத்தத்துக்குக் குரைத்தால் அது காவல் குரை. படுக்கையை வாசல் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றி, ரேடியோவை மெதுவாக ஓட விட்டாலே பாதி குறையும்.

எப்படியானாலும் ஒன்பது மணி நேரம் தனியாக விடுவது சரியில்லை. வளர்ந்த நாய்க்கு ஐந்து மணிதான் உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஹூட்டா' என்று சுருக்கமாகச் சொல்லும் நாய்ப் பகல் காப்பகங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. நடுப்பகலில் வந்து நடத்திக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. அலுவலகத்துக்கே அழைத்துவர விடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், நிறைய இடங்களில் விடுகிறார்கள்.

குரைத்தால் மின்சாரம் பாயும் கழுத்துப்பட்டையை இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அங்கே பயன்படுத்தத் தடை. முள் வைத்த பட்டையால் பயிற்சி கொடுப்பதும் 2022 முதல் தடை. பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தால் விலங்கு நல அலுவலகத்துக்குத் தகவல் போக ஒரு மணி நேரம் ஆகாது.

பெர்லின் என்பதால் ஒரு நினைவூட்டல். நாய் வரி முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 180. குடியேறி ஒரு மாதத்துக்குள் வரி அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். இதோடு பெர்லின் நாய்ப் பதிவேட்டில் தனிப் பதிவும், பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். சிப் எண்ணை 'டாஸோ' என்ற பிராணிப் பதிவு அமைப்பிலும் இலவசமாகப் பதிந்துவிடுங்கள். நாய் தொலைந்தால் கண்டெடுத்தவர் முதலில் தேடுவது அங்கேதான், எங்கும் பதியாத இந்தியச் சிப் எண்ணுக்கு ஐரோப்பாவில் முகவரி கிடையாது.

கேள்வி: நாய் இருக்கிறது என்று சொன்னால் வீடு கிடைப்பதில்லை. சொல்லாமல் எடுத்துவிடலாமா?
— வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: வேண்டாம். நாய், பூனை எதுவும் கூடாது என்று ஒப்பந்தத்தில் பொத்தாம்பொதுவாக எழுதி வைத்தால் அது செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2013-இல் சொன்னது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் இரு தரப்பு நலனையும் எடை போட்டு முடிவு செய்ய வேண்டும் என்கிறது. கேட்காமல் கொண்டுவர உரிமை என்று எங்கும் சொல்லவில்லை. நூறு பேர் விண்ணப்பிக்கும் வீட்டில் உரிமையாளருக்குக் காரணம் சொல்லவே தேவையில்லை, வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். விண்ணப்பத்தோடு நாய்க்கும் ஒரு பக்கம் வையுங்கள்: படம், வயது, எடை, கருத்தடை செய்ததா, காப்பீட்டு எண், பயிற்சி வகுப்புச் சான்று, பகலில் எங்கே இருக்கும். விளம்பரத்தில் 'பேசி முடிவு செய்யலாம்' என்று இருக்கும் வீடுகளுக்கு முதலில் போடுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தயிர்சாதமும் கோழிக்கால் வேகவைத்ததும்தான் இதுவரை சாப்பாடு. கொஞ்ச நாளைக்கு இங்கிருந்தே கொண்டு போகலாமா? உண்ணித் தொல்லையும் உண்டு.
— வாசகி, ஈரோடு

பதில்: கொண்டு போக முடியாது. இறைச்சி, பால் சேர்ந்த உணவுகளை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டு வர ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக விடாது. நாய் பிஸ்கட்டும் நெய்யும் அதில் அடக்கம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அங்கே கிடைக்கும் வகை உலர் தீனியைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். விமானம், குளிர், புது வீடு, புதுத் தீனி எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊர்ப் பழுப்பு நாய் உண்ணி குளிரில் சாகும் என்று நினைப்போம், ஆனால் வெப்பமூட்டிய வீட்டுக்குள் அது குஞ்சு பொரித்துச் சுவர் இடுக்கில் குடியேறிவிடும். பயணத்துக்கு முன் உண்ணி மருந்து கொடுத்து, காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஒன்றுகூட இல்லை என்று பார்த்து ஏற்றுங்கள். போன பிறகு நாய்க்குக் காய்ச்சலோ, ஈறு வெளுப்போ, மூக்கில் ரத்தமோ வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக 'இந்தியாவிலிருந்து வந்த நாய்' என்று சொல்லுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பேபிசியா கிருமிகள் இரண்டும் நம் மருத்துவருக்கு அன்றாடம், அங்கே உள்ளவர் நினைவுக்குக் கடைசியில்தான் வரும். முடிந்தால் கிளம்பும் முன் இங்கேயே அவற்றுக்கு ரத்தம் பார்த்துவிடுங்கள், செலவு குறைவு. அங்கே மருத்துவருக்கான கட்டணம் அரசு நிர்ணயம். நாயைப் பொதுவாகப் பரிசோதிக்க மட்டும் அடிப்படை விலை 23.62 யூரோ, வரி தனி. அதைப் போல மூன்று மடங்கு வரை கேட்கலாம். இரவிலும் விடுமுறையிலும் நான்கு மடங்கு வரை போகும், அவசரக் கட்டணம் 50 யூரோ அதற்கு மேல்.

கேள்வி: மகனைப் பார்க்க ஹாம்பர்க் போகிறேன். நாய் என்றாலே எனக்கு நடுக்கம். ரயிலில் எல்லாம் நாய் ஏறுமாமே?
— ஒரு அம்மா, கும்பகோணம்

பதில்: ஏறும். ஆனால் நீங்கள் பயப்படும் வகை நாய் அங்கே தெருவில் இல்லை, உரிமையாளர் இல்லாமல் ஒரு நாய் சுற்றாது. நெடுந்தூர ரயிலில் பெரிய நாய்க்கு வாரும் வாய்க்கூடும் வேண்டும், பாதி டிக்கெட்டும் உண்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நீங்கள் எழுந்து வேறு இடம் போவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெருவில் எதிரே வந்தால் ஓடவோ கையை உயர்த்தவோ வேண்டாம். நின்று, கையை மடக்கி, 'ஆங்ஸ்ட்' (பயம்) என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாரைச் சுருக்கிக்கொள்வார்கள். 'டேர் டூட் நிக்ட்ஸ்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், 'ஒண்ணும் பண்ணாதும்மா' என்று அர்த்தம். நாய் வளர்க்காத ஜெர்மானியர்களுக்கும் அந்த வாக்கியத்தில் நம்பிக்கை கிடையாது.

கேள்வி: பொங்கலுக்கு நாயோடு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினால் மறுபடி மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா?
— வாசகர், லைப்ஸிக்

பதில்: வேண்டாம், ஒரு நிபந்தனையோடு. ஜெர்மனியில் கால்நடை மருத்துவர் தரும் ஐரோப்பியப் பிராணிக் கடவுச்சீட்டை வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை தேறிய விவரத்தை அங்கிருந்து கிளம்பும் முன்பே அவர் அதில் பதிய வேண்டும். ரேபிஸ் ஊசியின் கெடு திரும்பும் நாள் வரை ஓட வேண்டும். இரண்டும் இருந்தால் காத்திருப்பு இல்லை. ஆனால் இந்தியாவுக்குள் வர முன்கூட்டியே தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், வழியும் எளிதல்ல. மூன்று வாரப் பொங்கலுக்காக நாயை இரண்டு முறை சரக்கறையில் ஏற்றுவதைவிட, பழகின காப்பகத்தில் விட்டு வருவதே அதற்கு நல்லது. புத்தாண்டு இரவை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி முழுக்க அன்று தீபாவளிதான், வெடிக்குப் பயந்து ஓடிப்போகும் நாய்கள் அதிகம். டிசம்பர் 31-ஐத் தாண்டிக் கிளம்பும்படி டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு 'வா', 'உக்காரு', 'போதும்' மட்டும்தான் தெரியும். ஜெர்மன் கற்றுத் தர வேண்டுமா?
— பள்ளி மாணவி, திருச்சி

பதில்: தேவையில்லை, தமிழிலேயே பேசு. ஆனால் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சைகையைச் சேர்த்து இப்போதே பழக்கிவிடு. காப்பகத்தில் இருப்பவருக்கு 'உக்காரு' வராது, கையை உயர்த்த வரும். இன்னொரு சொல் புதிதாகக் கற்றுக் கொடு: வேறு நாய் எதிரே வரும்போது உன் முகத்தைப் பார்க்க ஒரு சொல். எதிரே வருகிறவர் தன் நாய்க்கு வார் மாட்டினால், 'என் நாய் பேச விரும்பவில்லை' என்று பொருள். நீயும் உடனே மாட்டிவிடு.